வயல் தண்ணீருக்கு நடுவில் சூரியப் புள்ளி

மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என் இடது கால் மரத்துப் போயிருந்தது. பதினான்கு கிலோ பெட்டியைத் தஞ்சாவூரிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தேன். கும்பகோணம் தாண்டியதும் நடத்துநர் கேட்டார்: "பெட்டிய மேல வெச்சுடலாமேம்மா. உள்ள என்ன இருக்கு?"

"கண்ணாடி."

"கண்ணாடின்னா மடியிலயே இருக்கட்டும்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால், "அண்ணே, மெதுவா. கண்ணாடி இருக்கு" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தபடியே வந்தார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு அதனால் பயம் குறையவில்லை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்கூட்டியே பயப்பட முடிந்தது, அவ்வளவுதான்.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் பிறந்தவள். ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகள் செய்து கொடுக்கும் வேலை, இருபத்தாறு வருடமாக. கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடும் எண்ணமும் எனக்கு இல்லை. சூரியனில் இருக்கும் ஒரு கரும்புள்ளியை அளக்க வந்திருந்தேன்.

சூரியப் புள்ளி கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே இருக்கும் பலமான காந்தப்புலம். கீழிருந்து வரும் வெப்பத்தை அது மேலே எழ விடாது. அங்கே போய் அளக்க வழியில்லை. வந்து சேரும் ஒளியிடம்தான் கேட்க வேண்டும். சூரிய ஒளியை நிறங்களாக விரித்தால், இரும்பு அணுக்கள் விழுங்கிய இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். காந்தப்புலத்தில் அந்தக் கோடு பிரியும். பிரிந்த ஒரு பகுதியின் ஒளி வலமாகச் சுழலும், இன்னொன்று இடமாகச் சுழலும். ஒளி அலை ஒரே தளத்தில் அதிர்வதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் தளவிளைவு என்று படித்த பாடத்தின் தொடர்ச்சி இது. வலத்தைத் தனியாகவும் இடத்தைத் தனியாகவும் பிடித்து, கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் காந்தத்தின் பலம் தெரிந்துவிடும். என் பெட்டி செய்வது அதைத்தான்.

இதற்கு ஏன் காவிரிக் கரை? வெயில் ஏறினால் தரை சூடாகி, அதன் மேல் இருக்கும் காற்று கொதிக்கும். தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு அடுப்பில் வைத்த பால்போலத் தளும்பும். சுற்றிலும் தண்ணீர் இருந்தால் அந்தத் தளும்பல் அடங்கும். மயிலாடுதுறைக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருக்கும் சித்ரா, கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர், எங்கள் பேராசிரியருக்கு எழுதியிருந்தார்: குறுவை நட்ட பிறகு எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் வயலில் தண்ணீர் நிற்கும், ஏரிக்கு நடுவில் நிற்பது மாதிரி, ஒருமுறை வந்து பாருங்கள் என்று. பேராசிரியருக்கு அந்த யோசனை பிடித்துப்போய்விட்டது.

வந்திருக்க வேண்டியவள் மெய் லிங். எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். அளவீடு அவளுடைய ஆய்வுக்குத்தான். கிளம்புகிற வாரத்தில் அவள் அம்மாவுக்கு அவசரமாக அறுவை சிகிச்சை என்றாகிவிட்டது. பெட்டியைச் செய்தவள் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

நான் வந்து இறங்கிய புதன்கிழமை மாலை, சித்ரா பேருந்து நிலையத்துக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான்கு ஏக்கர் நிலத்தையும் கல்லூரியையும் இவரே பார்த்துக்கொள்கிறார். பெட்டியை ஸ்கூட்டரில் வைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ பிடித்தோம். சாலையின் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். எங்கள் நாட்டில் செக்கிஞ்சான் பக்கமும் வயல்கள் இருக்கின்றன. ஆனால் அவை அளவெடுத்து வெட்டிய துணி மாதிரி. இங்கே ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எல்லாவற்றிலும் வானம் கிடந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கெண்டை மீன் குழம்பு. புளி எங்கள் ஊரைவிடக் குறைவு, மிளகு அதிகம். "முள்ளப் பாத்துச் சாப்பிடுங்கக்கா," என்றார் சித்ரா. பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்களுக்கு ஞாயித்துக்கிழம வரைக்கும்தான் தண்ணி நிக்கும். அப்பறம் வடிச்சுடணும்," என்றார்.

"ஏன்?"

"திங்கக்கிழம வாய்க்கால் தண்ணி நம்ம முறை. அதுக்குள்ள வயல வடிச்சு, களை எடுத்து, உரம் போட்டாகணும். தண்ணி நிக்கிறப்ப போட்டா உரம் எல்லாம் கரைஞ்சு அடுத்த வயலுக்குப் போயிடும். ஆளுங்களுக்கும் சொல்லியாச்சு."

எனக்கும் ஞாயிறுதான் கடைசி. சூரியன் தன்னைத் தானே சுற்றிக்கொள்வதால் புள்ளிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாங்கள் குறிவைத்திருந்த பெரிய புள்ளி நடுவைத் தாண்டி மேற்கு ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திங்கள் முதல் அதைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும். திங்கள் மதியம் எனக்கு விமானமும் இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் மோட்டார் கொட்டகையின் மேல் ஏறினோம். வயல்களுக்கு நடுவே, மொட்டை மாடியோடு சின்னக் கான்கிரீட் அறை. ஒரு மிரரை வைத்துச் சூரிய ஒளியைத் திருப்பிப் பெட்டிக்குள் விட வேண்டும். ஏழரை மணிக்குத் திரையில் சூரியனின் விளிம்பு வந்தது. கத்தியால் வெட்டினாற்போல் இருந்தது. சித்ரா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது சரிதான்.

முதல் வேலை வெற்று இடச் சோதனை. புள்ளி எதுவும் இல்லாத அமைதியான பகுதியில் கருவியைத் திருப்பினால், வலச் சுழற்சியும் இடச் சுழற்சியும் சமமாக வர வேண்டும். கழித்தால் மிஞ்சுவது பூச்சியம். எனக்குப் பூச்சியம் வரவில்லை; இல்லாத காந்தம் இருப்பதாகக் கணக்கு காட்டியது. திரும்ப அளந்தேன். மிரரை மெல்ல நகர்த்தி அளந்தேன். மிரரின் சாய்வு மாற மாற அந்தப் பொய்க் கணக்கும் மாறியது.

இதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் இதே பெட்டியை மலைப்பகுதி ஒன்றுக்குக் கொண்டுபோய் மெய் லிங் எட்டு மாதம் அளந்தாள். கடைசியில் எல்லாவற்றிலும் இந்தப் பொய்க் கணக்கு கலந்திருப்பது தெரிந்தது. மிரரின் சாய்வோடு சேர்ந்து மாறுகிறது, ஆகவே மிரரைப் பொருத்தியதில்தான் பிழை என்று கூட்டத்தில் முடிவானது. மிரர் அவளுடைய பொறுப்பு. எட்டு மாத அளவீடும் போயிற்று. அவள் தலையைக் குனிந்து "சரி" என்றாள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மிரரைப் பொருத்தியவள் நான். மூன்று தடவை சரிபார்த்துத்தான் பொருத்தியிருந்தேன். பத்து மணிக்கு ஆடிக் காற்று கிளம்பியது. மிரர் அதிர ஆரம்பித்ததும் அன்றைய வேலை முடிந்தது. ஏணியில் இறங்கும்போது கவனம் எங்கேயோ இருந்தது. மூக்குக் கண்ணாடி நழுவிக் கம்பியில் பட்டு, ஒரு வில்லை கழன்று வயலுக்குள் விழுந்தது. பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து, குனியாமல் காலாலேயே சேற்றைத் துழாவி, வில்லையை விரலிடுக்கில் எடுத்தார். "இந்தாங்க, உங்க கண்ணு," என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளி காலையும் அதே பொய்க் கணக்கு. ஒற்றைக் கண்ணால் திரையைப் பார்த்துத் தலைவலிதான் மிச்சம். ஒன்பதரைக்கே மேகம் வந்துவிட்டதால், கண்ணாடியையாவது சரிசெய்யலாம் என்று மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போனேன். மணிக்கூண்டுப் பக்கத்தில் ஒரு சின்ன மூக்குக் கண்ணாடிக் கடையைச் சித்ரா சொல்லியிருந்தார். கடைக்காரர் ஜபருல்லா பாய்; அறுபதைத் தாண்டியவர், குவைத்தில் இருபது வருடம் இதே தொழில் செய்துவிட்டு வந்தவர்.

"உக்காருங்கம்மா. பசியாறிட்டீங்களா?"

நான் ஒரு நொடி விழித்தேன். வந்ததிலிருந்து எல்லோரும் "டிபன் ஆச்சா" என்றுதான் கேட்டார்கள். பசியாறுவது எங்கள் ஊர்ச் சொல் என்று நினைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "எங்க வீடுகள்லயும் அப்படித்தாம்மா கேப்போம்," என்றவர் எதிர்க்கடைக்குக் கைகாட்டினார். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. இரண்டு நாளில் முதல் தடவையாகச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது.

நான் சாப்பிடும்போதே வில்லையைக் கழுவிச் சட்டத்தில் மாட்டினார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். அடியில் பல்பு, மேலே இடைவெளி விட்டு இரண்டு கறுப்புத் தகடுகள். நடுவில் என் கண்ணாடியை நுழைத்து மேலிருந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இருட்டு வில்லையின் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தது.

"அங்க வெளிச்சம் தெரியுது பாருங்க. சட்டம் வில்லைய நெருக்குது. இப்படியே குடுத்தா கொஞ்ச நாள்ல விரிசல் விடும்," என்று சொல்லி, வில்லையைக் கழற்றி ஓரத்தை ராவினார்.

நான் இடியாப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் கறுப்புத் தகடுகள் தளவிளைவுத் தகடுகள். நெருக்கப்பட்ட கண்ணாடி ஒளியின் சுழற்சியை மாற்றிவிடும். அதைத்தான் அவர் வெளிச்சமாகப் பார்க்கிறார். என் பெட்டியின் முகப்பில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதை ஒரு உலோக வளையமும் மூன்று திருகுகளும் பிடித்திருக்கின்றன. பயணத்தில் அசையக்கூடாது என்று ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தத் திருகுகளை ஒரு கால் சுற்று கூடுதலாக இறுக்குவது என் வழக்கம்.

"பாய், எத்தன மணி வரைக்கும் கடை இருக்கும்?"

"பன்னண்டேகாலுக்குச் சாத்திட்டு ஜும்மாவுக்குப் போவேன். அப்பறம் ரெண்டரைக்குத்தான்."

ஆட்டோ பிடித்துக் கிராமத்துக்குப் போய், முகப்பை வளையத்தோடு கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற மினி வேனில் இரண்டு பேர் கல்யாணச் சமையலுக்குக் கத்திரிக்காய் போதுமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கவலை எனக்குக் கிடைக்காதா என்று இருந்தது. கடைக்குப் போனபோது பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஷட்டரில் கை வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி விளக்கைப் போட்டார்.

வளையம் இடைவெளிக்குள் நுழையவில்லை. மேல் தகட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய கண்ணாடியில், மூன்று திருகுகள் இருந்த இடத்திலிருந்து மூன்று வெள்ளை இதழ்கள் நடுவரை நீண்டிருந்தன.

"யாரும்மா இப்படி முறுக்குனது?"

"நான்தான் பாய்."

"விரல் நுனியால திருகி, நின்ன எடத்துல விட்டுடணும். வேற ஒண்ணும் இல்ல." சின்னத் திருப்புளியைக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். இதழ்கள் சுருங்கின, மங்கின, மறைந்தன. வளையம் முழுவதும் இருட்டானது. பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவர் காசு வாங்கிக்கொள்ளாமல் ஷட்டரை இழுத்துவிட்டு நடந்தார்.

சந்தோஷம் ஐந்து நிமிடம் இருந்தது. பேருந்தில் உட்கார்ந்தபோதுதான் மீதி புரிந்தது. சாய்ந்த மிரரில் பட்டுத் திரும்பும் ஒளியில் இயல்பாகவே கொஞ்சம் தளவிளைவு சேரும். அது மிரரின் சாய்வுக்கேற்ப மாறும். அதனால் எங்களுக்குத் தொல்லையில்லை. அது சுழலும் வகை ஆகாது. நெருக்கப்பட்ட கண்ணாடி அதைச் சுழலும் வகையாக மாற்றியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு மிரரில் பிழை என்றே தோன்றும். மெய் லிங் மிரரைச் சரியாகத்தான் வைத்திருந்தாள். போன வருடமும் மலைக்கு அனுப்பும்முன் திருகுகளை இறுக்கியது என் கை.

அன்று மாலை அவளிடமிருந்து செய்தி: அம்மா கண் விழித்துவிட்டார், அங்கே எப்படி? "சின்னப் பழுது. சரியாகிவிட்டது" என்று பதில் அனுப்பினேன். அதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை முழுவதும் மேகமும் காற்றும். கொட்டகை மாடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே சித்ராவும் நிம்மதியாக இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரத்து குறைகிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை முறை தள்ளிப்போனால் வடித்த வயல் காய்ந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை வரப்பில் நடந்துபோய் மதகைப் பார்த்துவிட்டு வந்தார். நான் மேற்கே பார்ப்பேன், அவர் வாய்க்காலைப் பார்ப்பார். மதியம் அவர் கொண்டுவந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் பாதிதான் சாப்பிட்டோம்.

"நாளைக்கும் மேகமா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"தெரியலம்மா. நீங்க?"

"நான் வடிச்சுடுவேன். வேற வழி இல்ல." தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே, "ஒம்பதரை வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல கேக்காதீங்க," என்றார்.

ஞாயிறு விடிந்தபோது கிழக்கு தெளிவாக இருந்தது. ஏழு மணிக்கே களையெடுக்க ஒன்பது பெண்கள் வந்துவிட்டார்கள். சித்ரா அவர்களைப் பக்கத்துக் கொல்லையில் முதலில் இறக்கிவிட்டார். நான் வெற்று இடத்துக்குக் கருவியைத் திருப்பினேன். பயமாக இருந்ததால் திரையைப் பார்க்காமல் சித்ராவைப் படிக்கச் சொன்னேன்.

"பூச்சியம்."

"மிரரைத் திருப்பறேன். இப்ப?"

"பூச்சியம்தாங்கக்கா. கடைசி எலக்கம் மட்டும் ஆடுது."

அது ஆடலாம். பிறகு புள்ளிக்குத் திருப்பினேன். வலத்தில் ஒரு படம், இடத்தில் ஒரு படம், மாறி மாறி. இரும்புக் கோடு புள்ளியின் நடுவுக்கு வந்ததும் வலத்தில் ஒரு பக்கமும் இடத்தில் மறுபக்கமும் விலகி நின்றது. எவ்வளவோ தடவை வரைபடத்தில் பார்த்ததுதான். ஆனால் தண்ணீருக்கு நடுவே, தவளைகள் கத்திக்கொண்டிருக்க, எட்டு நிமிடத்துக்கு முன்னால் சூரியனை விட்டுக் கிளம்பிய ஒளியில் அதைப் பார்த்தபோது அடுத்த படம் எடுக்க மறந்து நின்றேன். சித்ரா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எட்டே முக்காலுக்கு ஒரு மேகத் துண்டு. ஒன்பதுக்கு விலகியது. ஒன்பது இருபத்தைந்துக்கு வரப்பில் பெண்கள் வந்து நின்றார்கள். ஒருவர் கீழிருந்து கேட்டார்: "டீச்சர், எறங்கலாங்களா?" சித்ரா என்னைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று தோன்றியது. "திறந்துடுங்க," என்றேன். மடையைத் திறந்ததும் தண்ணீர் வடிவாய்க்காலுக்குள் மளமளவென்று இறங்கியது. பத்து மணிக்குச் சூரியனின் விளிம்பு தளும்பத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு வேண்டியது கிடைத்திருந்தது.

எண்களை அனுப்பிய கால் மணி நேரத்தில் மெய் லிங் அழைத்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று பேசுகிறாள் போல. எங்களுக்குள் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழி.

"அற்புதம், கலா. வெற்று இடம் முழுக்கப் பூச்சியம். நீங்கள் மிரரை எப்படிப் பொருத்தினீர்கள் என்று எனக்குக் கற்றுத்தர வேண்டும். எனக்குத்தான் அது வரவே இல்லை."

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அவள் சந்தோஷமாக இருந்தாள். புதிய அளவீட்டை வைத்து ஆய்வை முடித்துவிடுவாள். யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. வயலில் பெண்கள் குனிந்திருந்தார்கள்.

"மிரரில் பிழையே இல்லை," என்றேன். "போன வருடமும் இல்லை. முகப்புத் திருகுகளை நான் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்."

பின்னால் யாரோ சக்கர நாற்காலி தள்ளிப் போகும் ஓசை. அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. கடைசியில் மிகவும் அமைதியாகக் கேட்டாள்:

"அதை எழுத்தில் தர முடியுமா?"

"பேராசிரியருக்கா?"

"ஆமாம். அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும்."

மதியம் சித்ரா பேருந்து நிலையம் வரை வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று இன்னும் உறுதியான தகவல் இல்லை. தெரிந்தவுடன் சொல்கிறேன் என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடிமேல் கைப்பேசியை வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரியில் "முகப்புத் திருகுகள் இறுக்கப்பட்டிருந்தன" என்று எழுதினேன். குத்தாலம் தாண்டும்போது அதை அழித்துவிட்டு, "பயணப் பாதுகாப்புக்காக ஆய்வகத்தில் இறுக்குவது வழக்கம்" என்று மாற்றினேன். கும்பகோணத்தில் பேருந்து இருபது நிமிடம் நின்றது. ஆட்கள் ஏறி, இறங்கி, இடத்துக்குச் சண்டை போட்டு, சமாதானம் ஆனார்கள். அதையும் அழித்தேன்.

பாபநாசம் வந்தபோது நான்கே வரிகள் இருந்தன. முதல் வரி, "திருகுகளை இறுக்கியது நான், மெய் லிங்கின் வேலையில் பிழை இல்லை." பெறுநர் பட்டியலில் கூட்டத்தில் இருந்த ஏழு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். யாரையும் விடவில்லை என்று சரிபார்த்து, அனுப்பினேன்.